ஏலக்காயைக் கண்டுபிடித்த நாக்கு

ஒஸ்லோவிலிருந்து கப்பலேறி விடுமுறைக்கு டென்மார்க் வந்திருக்கிறோம். இன்று ஒரு தீவு ஊரில், கையால் சொக்லேட் செய்யும் சின்னக் கடைக்குள் நுழைந்தோம்.

கடைக்காரி என் கணவருக்கு ருசி பார்க்க ஒரு துண்டு கொடுத்தாள். மனுசன் கண்ணை மூடிவிட்டார்.

"ஏலக்காய் போட்டிருக்கிறா. அளவாப் போட்டிருக்கிறா," என்றார் என்னிடம். பிறகு டென்மார்க்காரருக்கும் விளங்கும் நொர்வேஜிய மொழியில் அவளை அரை மணி நேரம் பாராட்டினார்.

பதினொரு வருடமாக என் பாயாசத்திலும் ஏலக்காய் இருக்கிறது. "எப்பிடி இருக்கு?" என்று கேட்டால், "சூடா இருக்கு" என்பார்.

"ஒரு பெட்டி வாங்குவமோ?" என்று கேட்டார்.

"ஓம், வாங்குங்கோ. இனிப் பாயாசமும் அவவையே காய்ச்சச் சொல்லுங்கோ," என்றேன்.

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். யோசிக்கிறார்.

உங்கள் வீட்டு நாக்குகளும் கப்பலேறினால்தான் வேலை செய்யுமா?