அக்காவுக்காக அம்மா சொன்ன சாட்சி

அக்கா என்றதும் அரியலூர் ரயில் நிலையம்தான் நினைவுக்கு வருகிறது. மாவுக்கட்டு பிரித்த கை வெளுத்து மெலிந்திருந்தது. அதை மறு கையால் தாங்கியபடி, மாற்றுத்துணிகூட இல்லாமல் சென்னை ரயிலில் ஏறினாள். ஏற்றிவிட்டது என் அம்மா. கூட நின்றது நான்.

அவள் என் பெரியப்பா மகள். திருச்சியில் நர்ஸாக இருந்தாள். உடன் வேலை பார்த்த பெண்ணைக் காதலித்து, அவளோடு ஒரே வீட்டில் வாழ்ந்தாள். விஷயம் தெரிந்ததும் பெரியப்பாவும் அவர் மகனான அண்ணனும் போய் அவளைக் கீழப்பழுவூருக்கு இழுத்து வந்தார்கள். அந்தப் பெண்ணை அவள் வீட்டார் அவசரமாக யாருக்கோ கட்டிக்கொடுத்தார்கள். அக்காவுக்கும் மாப்பிள்ளை பார்த்தார்கள். மாட்டேன் என்றதற்கு, என் அம்மா தடுக்கத் தடுக்க அண்ணன் அடித்தான். கை முறிந்தது. வழுக்கி விழுந்தாள் என்று ஊருக்குச் சொன்னார்கள். கட்டுப் பிரிக்க அழைத்துப்போகும் பொறுப்பை அம்மாதான் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"நீ சொல்றது எனக்கு ஒண்ணும் வெளங்கல. அடிக்கிறது வெளங்குது. போயிடு," என்றாள் அம்மா, ரயில் வந்தபோது. ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் அக்கா காணாமல் போய்விட்டாள் என்று வீட்டில் சொன்னோம்.

சில வருடங்களில் அக்கா வேலை கிடைத்துக் கனடா போனாள். விசா முடியும் சமயத்தில், ஊர்ப்பக்கம் வந்தால் உயிரோடு விடமாட்டேன் என்று அண்ணன் போனில் சொன்னான். அவள் அங்கேயே அடைக்கலம் கேட்டாள். நடந்ததைக் கண்ணால் பார்த்தவர் ஒருவர் பேசினால் நல்லது என்று வக்கீல் சொன்னாராம். பெரியப்பா வீடு எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. பேசினால் உறவு முறியும் என்று அம்மாவுக்குத் தெரியும். ஆனாலும் பெரம்பலூரில் என் வீட்டுக்கு வந்து போன் முன்னால் உட்கார்ந்தாள். பெற்றவர்கள் மனம் மாறி ஏற்றுக்கொள்ள மாட்டார்களா என்று கனடாவில் வழக்கை விசாரித்த அதிகாரி கேட்டதை மொழிபெயர்க்கும் பெண் ஒருத்தி தமிழில் சொன்னாள்.

"மாறலாங்க. அவங்க மாறுற வரைக்கும் இந்தப் புள்ள உசுரோட இருக்கணுமுல்ல."

அடைக்கலம் கிடைத்தது. தான் பேசியதை அம்மாவே போய்ப் பெரியப்பாவிடம் சொன்னாள். அதன்பின் அண்ணன் கல்யாணத்துக்குக்கூட எங்களுக்குப் பத்திரிகை வரவில்லை. அக்காவின் காதல் பிறகாவது அம்மாவுக்குப் புரிந்ததா என்று நான் கேட்டதில்லை. புரிந்த பிறகுதான் ஒருவர் பக்கம் நிற்க வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை.

சமீபத்தில் நான் ஊருக்குப் போயிருந்தபோது, பெரியப்பா ஆலத்தியூர் போயிருந்த ஒரு சாயங்காலம், பெரியம்மா எங்கள் பின்வாசல் வழியாக வந்தார். அக்காவின் முகத்தைக் காட்டச் சொன்னார். நான் வீடியோ போன் போட்டேன்.

"கூட யாரு இருக்கா?" என்றார் பெரியம்மா.

அக்கா தயங்கினாள். பிறகு திரும்பி யாரையோ கூப்பிட்டாள். சுருட்டை முடியோடு ஒரு பெண் வந்து கைகூப்பினாள்.

"பேரு என்ன?"

அக்கா சொன்னாள். பெரியம்மாவின் வாயில் நுழையவில்லை. மறுபடி சொல்லச் சொன்னார். திருத்தித் திருத்திச் சொல்லிப் பார்த்து, ஒருவழியாகப் பிடித்துக்கொண்டார். பெரியப்பா திரும்பும் நேரமாகிவிட்டது. அந்தப் பெயரை வாய்க்குள் சொல்லிக்கொண்டே எழுந்து போனார்.