பால்கனியிலிருந்து ஒரு கோபூஜை

போன அமாவாசைக்கு மறுநாள் டெல்லி கிட்வாய் நகர் பார்க்கில் ஒரு பசு படுத்துவிட்டது. வயிறு உப்பி, மூச்சு வாங்கி... எழுந்திருக்கவே இல்லை.

சொந்தக்காரன் பால்காரன் சத்பீர். காலையும் மாலையும் கறப்பான். மீதி நேரம் அவிழ்த்துவிடுவான். தீவனம்? எங்கள் காலனிக் குப்பைத்தொட்டிதான்.

எங்கள் மாடிவீட்டு ராகவன் கால்நடை இலாகாவில் அதிகாரி. மாட்டை ஃபைலில் மட்டுமே பார்த்தவர் என்றால் கோபித்துக்கொள்வார். அந்த வாரம்தான் கால்நடைகளின் நலன் பற்றி ரிப்போர்ட் எழுதி முடித்திருந்தார். கூண்டில் அடைத்த கோழிக்கு மார்க் பூஜ்யம். கொட்டிலில் கட்டிப்போட்ட எருமைக்கு ஏதோ பாஸ் மார்க். அவிழ்த்துவிட்ட பசுவுக்கு? டிஸ்டிங்ஷன்!

"சத்பீரோட பசுவையே எடுத்துக்கோங்கோ. இஷ்டப்பட்ட இடத்துல மேயறது, இஷ்டப்பட்ட இடத்துல படுத்துக்கறது. அதுக்கு என்ன சார் குறைச்சல்?" என்றார் என்னிடம்.

படுக்கிற இடம் லாரி பறக்கிற ரிங் ரோடு என்பதை ரிப்போர்ட்டில் சேர்த்தாரா, தெரியாது.

மனிதர் பக்திமான் வேறு. அமாவாசை தவறாமல் பசுவுக்கு அகத்திக்கீரை கொடுத்தாக வேண்டும். டெல்லியில் அகத்திக்கு எங்கே போவது? பாலக் வாங்கிவிடுவார். புண்ணியம் வேண்டும், ஆனால் கொம்பென்றால் பயம். அதனால் கீரையைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, சிதறாமல் இறுக்கி முடிச்சுப் போட்டு, பால்கனியிலிருந்து வீசுவார். பசு முடிச்சை அவிழ்த்தா தின்னும்? பையோடு விழுங்கும். இவர் மேலேயிருந்து கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

கீழ்வீட்டில் நானும் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சொல்லியிருக்கலாம்... மாடியில் குடியிருப்பவரிடம் முகத்தை முறித்துக்கொள்வானேன் என்று இருந்துவிட்டேன்.

மாட்டு டாக்டர் வந்து வயிற்றைக் கிழித்தார். தோள் வரை கையை விட்டு இழுக்க இழுக்க, பை... பை... பை. எனக்கு வெட்கமாக இருந்தது. சத்பீர் பசுவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதான்.

கடைசியில் ஒரு பை முடிச்சோடு முழுசாக வந்தது. அதன்மேல் கடையின் பெயர், எழுத்துகூட அழியாமல். சத்பீர் அதைக் கழுவி எடுத்துக்கொண்டு ராகவனிடம் வந்தான். நீங்கள் படித்தவர், இது எந்த பாஷை என்று ஹிந்தியில் கேட்டான்.

சென்னைப் புடவைக்கடைப் பை, கொட்டை கொட்டையாகத் தமிழ் எழுத்து. ராகவன் வீட்டில் தலைப்பொங்கலுக்கு எடுத்ததோ என்னவோ. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"தெலுகு லக்தா ஹை, பையா" என்றார்.

சத்பீர் என்னைப் பார்த்தான். தெலுங்குதான் என்று நானும் தலையை ஆட்டினேன்.

அன்று சாயங்காலமே பசு செத்துப்போயிற்று.

காலனியில் தெலுங்குக்காரர்கள் யார் யார் என்று சத்பீர் இப்போது வீடு வீடாக விசாரித்துக்கொண்டிருக்கிறான்.