பத்துக் குருவிக்கு ஒரு முடிச்சு

விரல்கள் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தன. கண் கயிற்றின் பக்கமே போகவில்லை. பத்துக் குருவி கடந்தால் ஒரு முடிச்சு. பருந்தோ நாயோ கூட்டத்தைக் கலைத்தால் ஒரு தடித்த இரட்டை முடிச்சு. குனிந்து எழுதினால் அதற்குள் முப்பது போய்விடும் என்பதால், வலைக் கம்பெனியில் வேலை செய்யும் அந்த விதவை தானே கண்டுபிடித்த முறை இது. பதினோரு வருடமாகக் புரட்டாசி மாதக் காலைகளில், தெற்கே போகும் சிறுகுருவிகளைக் கடற்கரை மணல்மேட்டிலிருந்து எண்ணுகிறாள்.

ஐஸ் பேக்டரியின் கோபுர விளக்கில் மோதிக் குருவிகள் சாகின்றன என்று இந்த வருடம் மனுக் கொடுத்தாள். ஒரே காலையில் ஆயிரத்து ஐநூறு கடந்தால் பருவம் முழுக்க விளக்கை அணைக்க வேண்டும் என்றது வனத்துறை. எண்ணி முடியும்வரை விளக்கு எரியக் கூடாது. யாராவது பறவைகளைக் கலைத்தால் மறுநாள் மறுபடி எண்ண வேண்டும்.

பேக்டரி மேனேஜர் அவள் கொழுந்தன். ஒரே வீடு, இரண்டு அடுப்பு. மனுக் கொடுத்ததிலிருந்து பேச்சில்லை. இன்று மேட்டடியில் லாரியை நிறுத்தி வாயைத் திறந்தான்.

"என்ன அண்ணி, எல்லாத்தையும் எண்ணி பள்ளிக்கூடத்துல சேக்கப் போறீங்களா?"

"உங்க பேக்டரி வாசல்ல செத்துக் கிடந்ததையும் எண்ணியாச்சு. போங்க."

வெயில் ஏறியது. நூற்று முப்பத்தெட்டாவது முடிச்சோடு வரத்து நின்றேபோனது. இன்னும் பன்னிரண்டு வேண்டும். வராது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவனுக்குத் தெரியாது. இனி வரும் குருவிகளை விரட்ட ஹாரனை மூன்று முறை அலறவிட்டான். அவள் விரல்கள் மூன்று இரட்டை முடிச்சைப் போட்டன. தெற்குப் புதரில் இறங்கியிருந்த கூட்டம் எழும்பி வடக்கே பறந்து, திரும்பித் தலைக்குமேல் வந்தது. பதினான்கு முடிச்சு விழுந்த பிறகுதான் வாலில்லாத குருவி ஒன்று கடந்தது. காலையிலேயே எண்ணிய குருவி.

பதினான்கையும் பல்லைக் கடித்துக்கொண்டு அவிழ்த்தாள்.

வனத்துறை அதிகாரி வந்து, அவள் பிடித்திருந்த கயிற்றைத் தடவி எண்ணினார். "நூத்தி முப்பத்தெட்டு. பத்தலையேம்மா."

கொழுந்தன் சிரித்தான். "நான் அப்பவே சொன்னேன்ல?"

அதிகாரியின் விரல் நின்றது. "இந்த மூணு மட்டும் ஏன் தடியா இருக்கு?"

"ஹாரன் சார். மூணு தரம்."

அவர் லாரியைப் பார்த்தார். "அப்ப இன்னைக்குக் கணக்கு செல்லாது. நாளைக்கு மறுபடி. அதுவரைக்கும் விளக்கு எரியக் கூடாது."

"சார், நான் சும்மா..."

"சும்மா இருந்திருந்தா ஜெயிச்சிருப்பீங்க," என்றாள் அவள். கயிற்றைச் சுருட்டி, நுனியைச் செருகி, அதிகாரியின் கையில் வைத்தாள்.