சேவல் சர்ச்சிலிருந்து தெரிந்த கடல்

நடுவட்டத்துக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் இசக்கியம்மாவிடம் எதையாவது சொல்லிவிட்டு யாரும் சுலபமாகத் தப்பிக்க முடியாது. ஏன், எதற்கு, யார் பார்த்தது என்று கேள்விகள் வந்து விழும். பச்சையாக உள்ளே போகிற இலை எப்படிக் கறுப்பாக வெளியே வருகிறது என்று பாக்டரி டீமேக்கரையே வழிமறித்துக் கேட்டவள். "ஒன்னையக் கட்டுனதுக்குப் பேசாம பரீச்சை எழுதியிருக்கலாம்" என்பான் புருஷன் மூக்கன்.

இருவரும் எழுபதுகளில் சிலோன் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். ராமேஸ்வரத்தில் இறங்கி, ரயிலிலும் லாரியிலும் தூங்கி வழிந்து, கண் விழித்தபோது நீலகிரி. எந்தத் திக்கிலிருந்து வந்தோம் என்பது ஒருத்தருக்கும் தெரியாது. தோட்டத்துக்கு மேற்கே, மலை விளிம்பில், வெள்ளைக்காரன் கட்டிய பழைய சர்ச் ஒன்று உண்டு. அங்கே ஏறினால் கடல் தெரியும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். கடல் என்றால் நாம் தாண்டி வந்த கடல்தானே! லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளின் ஜனம் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டது. சிலோனில் சொந்தக்காரர் இறந்ததாகத் தகவல் வந்தால், அந்தச் சர்ச்சைப் பார்த்து நின்று ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுவார்கள். அதுவே வழக்கமாகிப் போனது.

இசக்கியம்மாவின் தங்கை கருப்பம்மாள் சிலோனிலேயே தங்கிவிட்டவள். எண்பத்துமூன்றாம் வருடக் கலவரத்துக்குப் பிறகு அவளிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. மூன்று வருடம் போய்விட்டது. "இன்னும் என்னத்துக்குக் காத்துக்கெடக்க? தண்ணிய ஊத்திரு" என்று லயத்தில் ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

"அவ செத்ததை யாரு பாத்தா?" என்று திருப்பிக் கேட்டாள் இசக்கியம்மா.

தினமும் கூடையை மாட்டும்போது அந்தச் சர்ச் பக்கம் திரும்பித் தங்கையிடம் நாலு வார்த்தை பேசுகிறவள் அவள். ஊற்றுவதா வேண்டாமா என்பது இருக்கட்டும், முதலில் அந்தக் கடலைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றிவிட்டது. தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, வானம் துடைத்து விட்டாற்போல் இருந்தது. மூக்கன் முட்டிவலி என்று நழுவ, அவள் தனியாகவே ஏறினாள்.

சர்ச் நினைத்ததைவிடச் சின்னது. சுற்றிலும் கல்லறைகள். சிலது முழ நீளம்கூட இல்லை. குழந்தைகளாக இருக்கும். இவ்வளவு தூரம் வந்து இதுகளையும் புதைத்துவிட்டுத்தான் தோட்டம் போட்டார்களா என்று நின்று பார்த்தாள். கோபுர உச்சியில் ஒரு இரும்புச் சேவல். அவ்வளவுதான், கேள்வி பிறந்துவிட்டது. சர்ச்சைப் பார்த்துக்கொள்ளும் சில்வஸ்டர் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயா, கோயிலு மேல கோழி எதுக்குங்க?"

"காத்து எந்தப் பக்கம்னு காட்டறதுக்குங்கம்மா. கீழ நாலு கம்பி இருக்குது பாருங்க, அது நாலு திக்கு."

"கடலு?"

அவர் விளிம்புக்குக் கூட்டிப் போனார். மலைகள் இறங்கி, காடு இறங்கி, அதற்கும் அப்பால் தகரத்தை நீட்டி வைத்தாற்போல் ஒரு மினுக்கு. இசக்கியம்மா கையை நெற்றிக்குக் குடையாகப் பிடித்துப் பார்த்தாள். "அதுக்கு அந்தப் பக்கந்தானே சிலோனு?"

"இல்லீங்களே. அது கோழிக்கோட்டுக் கடலுங்க. சிலோனு" என்று சில்வஸ்டர் சேவலை அண்ணாந்து பார்த்துவிட்டு, அவள் முதுகுக்குப் பின்னால் தென்கிழக்கே கையைக் காட்டினார். "அக்கட்டாலைங்க."

இசக்கியம்மா அந்த மினுக்கையும் அவர் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சிரிப்பு பீறிட்டது. "அப்ப எங்க சனம் ஊத்துன தண்ணியெல்லாம் கோழிக்கோட்டுக்கா போச்சு?" சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் நீர் வழிந்தது.

அவள் சர்ச்சைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். அங்கே கடலும் இல்லை, ஒன்றும் இல்லை. மலைக்குப் பின்னால் மலை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கூப்பிட்டாள்.

"ஏய் கருப்பம்மா! இத்தன வருசமா ஒனக்கு முதுகக் காட்டிக்கிட்டே பேசியிருக்கேன்டீ. இப்பத்தான் திரும்பியிருக்கேன். சொல்லு, நீ இருக்கியா, இல்லையா?"

பதில் வராது என்று அவளுக்கும் தெரியும். இருந்தாலும் தலையைச் சாய்த்து, காதைக் கொடுத்து நின்றாள்.

பூசை மணி அடிக்க நேரமாகிவிட்டது. சில்வஸ்டர் கயிற்றைப் பிடித்தவர், அவளைப் பார்த்துவிட்டு, இழுக்காமல் அப்படியே நின்றார்.