நீயுமாக்கா?

எங்கள் திண்டுக்கல் பக்கம் ‘மருந்து வைப்பது’ என்றால் சோற்றில் எதையோ கலந்து ஆளை மயக்குவது. என் தம்பி சேகருக்கு மனநோய் வந்தபோது அதைத்தான் சொன்னான். “எல்லாரும் மருந்து வக்கிறாங்கக்கா. நீ போட்டா மட்டும் திங்கிறேன்.”

மூளையில் டோபமைன் என்ற ரசாயனம் மிகுந்துவிட்டது, மாத்திரை போட்டே ஆகவேண்டும் என்றார் டாக்டர். தம்பி துப்பினான். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். நான்தான் கேட்கவில்லை, மாத்திரையைப் பொடித்துக் குழம்பில் கலந்தேன்.

கொஞ்ச நாளில் தெளிந்தான். தொட்டுக்கொள்ளும் கறியில் உப்பு குறைந்த அன்று, “ஏக்கா, வெஞ்சனத்து உப்பு கொடைரோட்டுல ரயில் ஏறிருச்சா?” என்று கேலிகூடப் பேசினான்.

ஒரு மதியம் நான் பொடிப்பதைப் பார்த்துவிட்டான். கத்தவில்லை. “நீயுமாக்கா மருந்து வச்ச?” என்றான். இல்லையென்று எப்படிச் சொல்வது? வைத்தது மருந்துதானே?

இப்போது தானே உரிக்கும் வாழைப்பழமும் ஓட்டோடு அவித்த முட்டையும்தான் அவன் சாப்பாடு. நோய் முன்னைவிட முற்றிவிட்டது. வேறு விதமாக வேலை செய்யும் புது மருந்து வந்திருக்கிறது என்கிறார் டாக்டர். யார் கையால் கொடுப்பது?

நேற்று சோறு போட்டு, அவன் தட்டிலிருந்து ஒரு வாய் நானே தின்று காட்டினேன்.

“நீ அத முறிக்க மாத்து மருந்து தின்னுட்டு வந்திருப்ப” என்றான்.

நோய்தான் அப்படிப் பேசுகிறது என்பார்கள். அந்தச் சந்தேகத்தில் பாதியை நான் கொடுத்தேன்.