மருமகனுடன் பதினொரு கிலோமீற்றர்

காலை 8.10. வெள்ளவத்தைச் சந்தியிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் பதினொரு கிலோமீற்றர். ஓட்டோவுக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய் கேட்பார்கள். தெரிந்தவர் என்றால் ஆயிரத்து நூறு. இந்தத் தூரத்தைப் பற்றி எவரும் பயணக் கட்டுரை எழுதியதாக எனக்குத் தெரியாது. எழுத என்ன இருக்கிறது? வழி முழுக்கக் கடை. ஆனால் அன்றைக்கு என் பக்கத்தில் ஆறடி நாலு அங்குலத்தில் ஓர் அமெரிக்கர் நாலாக மடிந்து உட்கார்ந்திருந்தார். பெயர் டெரிக். பல் வைத்தியர். ஜோர்ஜியா மாநிலத்தில் மேற்படிப்புப் படிக்கும் என் ஒரே மகள் சிந்துவைக் கல்யாணம் செய்ய விரும்புகிறவர். சிந்துவுக்குப் பரீட்சை. ஆகவே இவர் மட்டும் ஒரு வாரம் லீவு எடுத்து, ஒரு நாள் முழுவதையும் விமானங்களில் கழித்து வந்திருந்தார்.

"அவள் இல்லாமல் இந்தாள் தனிய ஏன் வந்தது?" என்று என் கணவர் மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். என்னிடம்தான் கேட்டார், டெரிக்கிடம் அல்ல. அன்று காலையும் பிரஷர் என்று சொல்லிக் கதிரையை விட்டு எழும்பவில்லை.

"நீர் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போற சாட்டில கதைச்சுப் பாரும். பின்னேரம் ஏழு மணிக்குச் சிந்து எடுப்பாள். ஓமோ இல்லையோ, ஏதோ ஒண்டு சொல்லத்தானே வேணும்."

லிஃப்டில் ஐந்தாம் மாடித் தேவி அக்கா நின்றா. 'அமெரிக்க மாப்பிள்ளை' என்ற செய்தி வந்த நாளில் எங்கள் அடுக்குமாடியில் கேக் வெட்டாத குறை. பிறகு மாப்பிள்ளையின் படம் வந்தது. தேவி அக்கா டெரிக்கை மேலிருந்து கீழே பார்த்து முடிக்க இரண்டு மாடி எடுத்தது. பிறகு என் காதருகே, "அமெரிக்கன் எண்டுதானே சொன்னனீங்கள்?" என்றா.

"அமெரிக்கன்தான் அக்கா."

"இல்லை, நான் நினைச்சது..." என்று இழுத்தா. அவவைக் குறை சொல்ல எனக்கும் தகுதியில்லை. முதல் தரம் அந்தப் படத்தைப் பார்த்தபோது, நான் ஃபோனின் வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தவள்.

ஓட்டோக்காரர் செல்வம். ஹட்டன் பக்கம் ஊர். பன்னிரண்டு வருடமாக எங்கள் சந்தியில் ஓடுகிறார். டெரிக் தலையைக் குனிந்து, முழங்காலை நெஞ்சில் வைத்து ஏறி முடித்ததும் கண்ணாடியில் பார்த்துக் கேட்டார்: "சார் வெஸ்ட் இண்டீஸ் டீமுங்களா?"

8.45. காலிமுகத்திடல். ஐந்து கிலோமீற்றர் வந்திருந்தோம். டெரிக்கின் கால் விறைத்துவிட்டதால் இறங்கினோம். நான் தயாரித்து வைத்திருந்த கேள்விகளில் முதலாவதைத் தொடங்குவதற்குள், கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்த இளைஞர் கூட்டம் அவரைக் கண்டுவிட்டது. "ஃபாஸ்ட் போலர்! ஃபாஸ்ட் போலர்!" என்று பந்தைக் கையில் திணித்தார்கள். அவர் வாழ்க்கையில் கிரிக்கெட் பந்தைத் தொட்டதில்லை. மரியாதைக்காக ஓடி வந்து எறிந்தார். பந்து விக்கெட்டுக்குப் போகவில்லை. இஸ்ஸோ வடை, அதுதான் இறால் வடை, விற்கும் வண்டிக்குப் போனது. வண்டிக்காரரும் கைதட்டினார்.

திரும்பி வந்தவர் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். (அவர் பேசியது ஆங்கிலம், சிந்துவிடம் கற்ற 'ஓம்' மட்டும் எல்லா இடத்திலும் வரும். நான் எங்கள் தமிழில் தருகிறேன்.)

"எங்கட நாட்டிலயும் இதுதான் ஆன்ட்டி. பேர் கேக்க முதல் கையில பந்தைத் தருவினம். நான் பள்ளிக்கூடத்திலேயே மோசமான பாஸ்கெட்போல்காரன். என்ர தம்பி கெட்டிக்காரன், கொலிஜ் டீமில ஃபுட்போல் விளையாடினவன். சனிக்கிழமை மைதானம் நிறையச் சனம் எழும்பி நிண்டு அவன்ர பேரைச் சொல்லிக் கத்தும். திங்கக்கிழமை அதே சனத்தின்ர கடைக்குள்ள போனா, காவல்காரன் அவனுக்குப் பின்னாலயே நடப்பான். ஓடுறது நாங்கள். டீமை வைச்சிருக்கிறது வேற ஆக்கள்."

"இங்க தமிழ்ப் பேரோட ஒருத்தன் டீமுக்கு வந்தா, அண்டைக்கு மட்டும் நாங்கள் எல்லாரும் ஒரே நாடு" என்றேன். அவர் "ஓம்" என்றார்.

9.20. புதுக்கடை. நீதிமன்றங்களைச் சுற்றிக் கறுப்புக் கோட்டுகள். அன்று அங்கே நெரிசல். கால் மணித்தியாலத்தில் முந்நூறு மீற்றர் நகர்ந்தோம். சுவரெல்லாம் பழைய தேர்தல் போஸ்டர். ஒரு தமிழ் எம்.பி.யைக் கொழும்பில் எடுப்பதற்கு நாங்கள் விருப்பு வாக்கை எப்படிக் கணக்குப் பார்த்துப் போடுகிறோம் என்று விளக்கினேன். எனக்கே முழுதாக விளங்காத விஷயம் அது. அவர் என் கைப்பையிலிருந்த கொப்பியை வாங்கி, தன் அப்பா வாக்களிக்கும் தொகுதியின் எல்லையை வரைந்து காட்டினார்.

நான் இருபத்துநாலு வருடமாகப் புவியியல் படிப்பிக்கிறேன். ஆறு எல்லையாவதைப் பார்த்திருக்கிறேன், மலை எல்லையாவதைப் பார்த்திருக்கிறேன். இது பசியோடிருந்தவன் பிய்த்துவிட்டுப் போன இடியப்பம் மாதிரி இருந்தது.

"இது என்ன ஆறோ?"

"இல்லை ஆன்ட்டி, எங்கட சனம் இருக்கிற தெருக்கள். தெருவின்ர நடுவால கோடு போகும். அரைவாசிப் பேரை அங்கால தள்ளினா, எந்தப் பக்கமும் வெல்ல எங்களுக்கு ஆக்கள் காணாது. அப்பாவின்ர வாக்குச்சாவடியையும் மாத்திப்போட்டினம். ரெண்டு பஸ் எடுக்க வேணும். அங்க வரிசை நீளம், அவர் கதிரையும் சாப்பாடும் கொண்டு போவார்."

நான் அதைத் தமிழில் சொன்னதும் செல்வம் முன்னாலிருந்து, "எங்க பக்கம் தேயிலைத் தோட்டத்த ரெண்டாப் பிரிச்சு ரெண்டு பிரதேச சபையில போட்ட மாதிரிங்கம்மா" என்றார். அதையும் மொழிபெயர்த்தேன். இருவரும் கண்ணாடியில் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள்.

நீதிமன்ற வாசலைக் காட்டி, "இங்க வழக்கு முடிய எவ்வளவு காலம்?" என்று டெரிக் கேட்டார். "சிலது ஆள் முடிஞ்ச பிறகும் முடியாது" என்றேன். அவருடைய மாமா ஒருவரை, பிணைக்குப் பணம் இல்லாமல் ஐந்து மாதம் உள்ளே வைத்திருந்தார்களாம். பிறகு, 'செய்தேன் என்று சொன்னால் இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்' என்றார்களாம். அவர் செய்யாததைச் செய்தேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். அதற்குப் பிறகு அவருக்கு வேலை கிடைக்கவில்லை. என் சித்தப்பாவின் மகன் தனக்கு வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்து வைத்ததை நான் சொன்னேன்.

10.05. கொட்டாஞ்சேனைக்கு இன்னும் ஒரு கிலோமீற்றர். செல்வம் றோட்டு நடுவிலிருந்த வெள்ளைக் கோட்டைத் தாண்டி ஒரு லொறியை முந்தினார். விசில் சத்தம். ஓர் இளம் பொலிஸ்காரர் கையைக் காட்டினார்.

ஓட்டோ நிற்க முதல் நான் றோட்டில் நின்றேன். வலது கையில் ஐ.சி. எனும் தேசிய அடையாள அட்டை. இடது கையில் பிளாஸ்டிக் உறை: ஆசிரியர் அடையாள அட்டை, லைட் பில், காலாவதியாகிப் பல வருடமான பொலிஸ் பதிவுத் துண்டு. முகத்தில் சிரிப்பு. யுத்த காலத்தில் வெள்ளவத்தையில் இருந்த தமிழருக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்கு: மறித்தால், கேட்க முதல் இறங்க வேண்டும். காத்திருக்க வைத்தால் சந்தேகம். வாகனத்துக்குள்ளேயே இருந்தால் ஒளிக்கிறோம் என்று அர்த்தம். இப்போது யாரும் கேட்பதில்லை என்று எனக்குத் தெரியும். என் காலுக்குத் தெரியாது.

திரும்பிப் பார்த்தேன். டெரிக் செல்வத்தின் இருக்கைக்குப் பின்னாலிருக்கும் கம்பியில் இரண்டு கைகளையும் விரித்து வைத்திருந்தார். பத்து விரலையும் எண்ணலாம். கண் இமைக்கவில்லை. பள்ளிக்கூட மேடையில் பேசுவது போல உரத்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்:

"அதிகாரி அவர்களே, எனது கைகள் இங்கே இருக்கின்றன. எனது கடவுச்சீட்டு வலது பையில் இருக்கிறது. தாங்கள் சொன்னால் மட்டுமே எடுப்பேன்."

பொலிஸ்காரர் ஓரடி பின்வாங்கினார். என்னைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். என் லைட் பில்லைப் பார்த்தார். "மெயா கவுத?" என்றார். இவர் யார் என்று.

மகளின் நண்பர் என்று சொல்லலாம், விருந்தாளி என்று சொல்லலாம். பயத்தில் சிங்களத்தில் வாயில் வந்தது ஒன்றுதான்: "மகே பேனா." என் மருமகன்.

பொலிஸ்காரர் டெரிக்கை அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னை, கொஞ்சம் அனுதாபத்தோடு. "அம்மா, வாடிவென்ன" என்று உள்ளே உட்காரச் சொல்லிவிட்டு, செல்வத்திடம் லைசன்ஸ் கேட்டார். அவருக்கு வேண்டியிருந்தது அது மட்டும்தான்.

தண்டத் துண்டை மடித்துப் பையில் வைத்தபடி செல்வம் சொன்னார்: "ஏங்கம்மா, கோட்டத் தாண்டுனது நானு. மறிச்சது என்னைய. நீங்க ரெண்டு பேரும் எதுக்குங்க சரணடையிறீங்க?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். டெரிக் சிரிக்கவில்லை. கை கம்பியை விட்டு வர இன்னும் அரைக் கிலோமீற்றர் ஆனது.

10.30. கொட்டாஞ்சேனையில் ஒரு சாப்பாட்டுக்கடை. பிளேன் டீ, மரக்கறி ரோல்ஸ். செல்வம் வெளியே ஓட்டோவில் இருந்தார்.

"பதினாறு வயசில, கார் ஓடப் பழக்க முதல் அப்பா இதைத்தான் பழக்கினவர்" என்றார் டெரிக். "முற்றத்தில ரெண்டு கதிரை போட்டு, அதுதான் கார். அவர்தான் பொலிஸ். கை தெரிய வேணும். எடுக்க முதல் சொல்ல வேணும். எக்காரணம் கொண்டும் இறங்கக் கூடாது."

நானும் கதிரை போட்டுத்தான் பழக்கினேன். சிந்துவுக்கு ஒன்பது வயது. பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியைப் பிடித்துக்கொண்டு சாப்பாட்டு மேசைக் கதிரையிலிருந்து குதிப்பாள். "கெதியா இறங்கு, இன்னும் கெதியா" என்று நான் நேரம் பார்ப்பேன்.

"போன செப்டெம்பரில என்னையும் சிந்துவையும் பொலிஸ் மறிச்சது" என்றார் அவர். "மத்தியானம். பின் லைட் எரியேல்லையாம். எரிஞ்சது. நான் ஸ்டியரிங்கில கையை வைச்சிட்டன். திரும்பிப் பாத்தா சிந்து இல்லை. இறங்கி, சிரிச்சுக்கொண்டு, கைப்பைக்குள்ள கையை விட்டு என்னவோ தேடுறாள்."

நான் கிளாஸை வைத்தேன்.

"அந்தாள் துவக்கை எடுத்திட்டுது. அவளுக்கு நேரை இல்லை ஆன்ட்டி. எனக்கு."

கடைக்காரர் யாருக்கோ கொத்து ரொட்டி கொத்திக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தில் டெரிக் மிச்சத்தைச் சொன்னார். ஒன்றும் நடக்கவில்லை. கைத்துப்பாக்கியை உறைக்குள் வைத்த பிறகு அந்த அதிகாரி சிந்துவிடம், நல்ல மரியாதையான பிள்ளை என்றாராம். டெரிக்கை நாற்பது நிமிடம் றோட்டோரத்தில் இருத்தி வைத்தாராம்.

"அதுக்குப் பிறகு எத்தினையோ தரம் சொல்லிப்போட்டன். 'அம்மா பழக்கினது, கால் தானா இறங்குது' எண்டுறாள். நான் அழிச்சா அழியுதில்லை. நீங்கள் எழுதினதை நீங்கள்தான் அழிக்க வேணும். உங்களைப் பயப்படுத்தக் கூடாதெண்டு அவள் சொல்லவே விடேல்லை. அதுதான் அவள் இல்லாமல் வந்தனான்."

சம்மதம் கேட்க வந்திருக்கிறார் என்றே நான் நினைத்திருந்தேன். அவர் என் பிள்ளைக்கு நான் கொடுத்த பாடத்தைத் திருத்தித் தரும்படி கேட்க வந்திருந்தார். அந்தப் பாடம் பிழையில்லை. வெள்ளவத்தையில் அது எங்களைக் காப்பாற்றியது. பதினைந்தாயிரம் கிலோமீற்றர் தள்ளி, அதே பாடம் இவருடைய நெஞ்சுக்கு நேரே துவக்கைத் தூக்கியது.

11.40. கருங்கல் கோயில். அர்ச்சனைக்கு இரண்டு பெயர் கொடுத்தேன். ஐயர் டெரிக்கின் நட்சத்திரம் கேட்டார். "தெரியாது ஐயா, ஆள் பத்திரமா இருந்தாக் காணும்" என்றேன்.

மாலை 7.00. வீடு. சிந்து எடுத்தாள். டெரிக் விமான நிலையத்துக்குப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். என் கணவர் கதிரையை ஃபோனுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சிந்து, கேள்" என்றேன். "இனிமேல் பொலிஸ் மறிச்சா நீ இறங்கக் கூடாது. பெல்ட்டையும் கழட்டாத. ரெண்டு கையையும் அவைக்குத் தெரியிற மாதிரி வை. கைப்பையைத் தொடாத. டெரிக் கதைக்கட்டும், நீ அசையாத."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அம்மா, அப்ப நீங்கள் ஓமெண்டு சொல்லுறீங்களோ?"

"அது பிறகு. நான் இப்ப சொன்னதைத் திருப்பிச் சொல்லு."

சொன்னாள். கைப்பையைத் தொடாதே என்பதை மட்டும் விட்டுவிட்டாள். நான் அவளை முதலிலிருந்து சொல்ல வைத்தேன்.