சக்கரத்துக்குக் காய்ச்சல் பார்ப்பவர்

வேனின் முன்சக்கரத்தின் அருகே ஓட்டுநர் குந்தி உட்கார்ந்து, உள்ளங்கையை விரித்து, சக்கரத்தைத் தொடாமல் ஒரு விரல் தள்ளிப் பிடித்திருந்தார். பிள்ளையின் நெற்றியில் காய்ச்சல் பார்ப்பது போல. பிறகு பின்சக்கரம், பிறகு அந்தப் பக்கம். நான்கும் முடிந்ததும் சாலையோரக் கல்லில் உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல், "இன்னும் கால் மணி ஆகும்" என்றார். வேனுக்குள் பதினான்கு பேர் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். பதினைந்தாவது ஆள் நான். அவரை வேவு பார்க்க அலுவலகம் அனுப்பிய ஆள். எங்கள் அறிமுகம் இந்த லட்சணத்தில்தான் நடந்தது.

சுற்றுலா நிறுவனத்தில் பயணத் திட்டம் எழுதுவது என் வேலை. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். 'ஒரு மாநிலம், நான்கு நிலம், மூன்று நாள்' என்று நான் எழுதிய வாசகம் வழவழப்பான தாளில் அச்சாகி வந்தபோது அம்மாவுக்கு ஒரு பிரதி அனுப்பிவைத்தேன். முதல் நாள் கடல். இரண்டாம் நாள் காலையில் மலை, பிற்பகலில் காடு. மூன்றாம் நாள் மணல்மேடுகள். மலையிலிருந்து காட்டுக்கு இறங்க ஐம்பது நிமிடம் என்று போட்டிருந்தேன். கணினியில் வரைபடத்தைப் பார்த்துப் போட்ட கணக்கு. இருபத்தாறு கொண்டை ஊசி வளைவுகள் அதில் ஒரு சின்ன நெளிவாகத்தான் தெரிந்தன.

அவர் அந்த நெளிவில் பத்தொன்பது வருடமாக வேன் ஓட்டியவர். பயணிகளிடம் அதிகம் பேசமாட்டார். வேனிடம்தான் பேச்சு, அதுவும் மரியாதையாக. "வாங்க, மெதுவா வாங்க, அவசரம் ஒண்ணும் இல்ல" என்று ஒவ்வொரு வளைவிலும் அழைத்துக்கொண்டு வருவார். விடுதிகளில் ஓட்டுநருக்கு அறை கிடையாது. பயணிகள் வெள்ளை விரிப்பில் தூங்கும்போது இவர் கடைசி இருக்கையில் படுத்து, காலை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பார். அந்தக் கால்களைப் பார்த்து முகம் சுளித்த வரவேற்பாளரையும் நான் பார்த்திருக்கிறேன்.

இறங்கும்போது பதினேழாவது வளைவு தாண்டியதும் வண்டியை நிறுத்திவிடுவார். நாற்பது நிமிடம். பிரேக் சூடு ஆற வேண்டும். அங்கே ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் புதர், வேறொன்றும் இல்லை. சக ஓட்டுநர்கள் அவருக்கு டாக்டர் என்று பெயர் வைத்திருந்தார்கள். "என்ன டாக்டர், பேஷண்ட் பொழைச்சுக்குமா?" என்று கேட்டால், "நான் பாக்கலைன்னா நீங்க எல்லாரும் வந்து பாக்கணும், மாலையோட" என்பார், சிரிக்காமல்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் இருபதாவது வளைவில் அவருடைய மச்சான் ஓட்டிய வேனுக்குப் பிரேக் பிடிக்கவில்லை. மச்சான் இன்று இரண்டு ஊன்றுகோல்களில் நடக்கிறார். விசாரணை அறிக்கையில் 'ஓட்டுநரின் கவனக்குறைவு' என்று ஒரே வரி. இறங்குவதற்கு எத்தனை நிமிடம் கொடுத்திருந்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

'தூங்குவதற்காக வண்டியை நிறுத்துகிறார்' என்று பயணிகளிடமிருந்து மூன்று புகார்கள் வந்திருந்தன. நான்காவது வந்தால் மலை வண்டியை விட்டு இறக்கிவிடுவோம் என்று மேனேஜர் எழுதி, அவரிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தார். வேவு பார்த்துத் திரும்பிய நான், திட்டத்தில் நாற்பது நிமிடம் கூட்ட வேண்டும் என்றேன். கூட்டினால் போய்ச் சேர்வதற்குள் காட்டின் வாசல் மூடிவிடும், நான்கு நிலம் மூன்றாகிவிடும், மூன்று நிலத்துக்கு எவன் வருவான் என்று மேனேஜர் கேட்டார்.

அப்போதுதான் என் படித்த மூளை வேலை செய்தது. அவர் வண்டியை நிறுத்தும் அந்த இடத்துக்கு ஒரு பெயர் வைத்தேன்: தென்றல் முனை. 'இயற்கை எழில் கண்டு இளைப்பாறும் இடம்' என்று ஒரு வரியும் சேர்த்தேன். பார்க்க இன்னொரு இடம் என்றதும் மேனேஜருக்கு எங்கிருந்தோ நாற்பது நிமிடம் கிடைத்துவிட்டது. என் தோளைத் தட்டினார். தாளை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன், நல்ல செய்தி சொல்கிற நினைப்பில்.

எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்தார்.

"தம்பி, அங்க என்ன தெரியும்?"

"புதர்தாண்ணே."

"பிரேக் ஆறணும்னா கோவம் வருது. காத்து வாங்கலாம், போட்டோ எடுக்கலாம்னா இறங்கி நிப்பாங்க. அப்ப உயிரு போட்டோவை விட மட்டமா?"

அடுத்த பயணத்தில் அவர் பயணிகளை இறக்கி நிறுத்தி, இது எந்த முனையும் இல்லை, சக்கரம் கொதிக்கிறது, ஆறினால்தான் எல்லாரும் முழுசாக வீடு போய்ச் சேரலாம் என்று சொல்லிவிட்டார். நான்காவது புகார் வந்தது: 'ஓட்டுநர் பயமுறுத்துகிறார்.' உண்மை சொன்னதற்கு அவர் இறக்கப்பட்டார். பொய் எழுதிய எனக்குப் பாராட்டு.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. புதரைப் பார்த்துச் சலித்த பயணிகளுக்காகத் தென்றல் முனையைத் தூக்கி மலை உச்சிக்கே கொண்டுபோய்விட்டார்கள். பள்ளத்தாக்கு நன்றாகத் தெரிகிறதாம். பெயர்ப்பலகையும் தேநீர்க் கடையும் வந்துவிட்டன. இறங்க ஆரம்பிக்கும் முன்பே நிற்கிற வண்டியில் எந்தச் சூடு ஆறும்? அங்கிருந்து கீழே வரை இப்போது ஒரு நிறுத்தமும் கிடையாது. ஐம்பது நிமிடம். போய்க் கேட்டேன். "கெஸ்ட் சந்தோஷமா இருக்காங்கல்ல, உனக்கென்னப்பா?" என்றார் மேனேஜர். இந்தக் கேள்வி கேட்கவும் எங்கேயோ பட்டம் கொடுக்கிறார்கள் போலிருக்கிறது.

டாக்டர் இப்போது மலையடிவார ஷெட்டில் வண்டி கழுவுகிறார். கடைசி வளைவிலிருந்து பத்து நிமிடத் தூரம். போன வாரம் நான் அங்கே இருந்தபோது, பயணிகளைக் காட்டு வாசலில் இறக்கிவிட்டு ஒரு வேன் உள்ளே வந்தது. கூடவே கருகல் வாடை. மேலே அடுத்த குழு காத்திருக்கிறது, தண்ணீர் மட்டும் அடித்துவிடுங்கள் டாக்டர், உடனே போக வேண்டும் என்று சொல்லிவிட்டு ஓட்டுநர் முகம் கழுவப் போனார். இவர் குழாயைக் கீழே போட்டார். சக்கரத்தருகே குந்தி உள்ளங்கையை நீட்டினார். நீட்டிய வேகத்தில் கையை இழுத்துக்கொண்டார். எழுந்து போய் வண்டியிலிருந்து சாவியை உருவி, தன் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.